கை ஏன் உள்ளே போச்சு?

(பாட்காஸ்டில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். ரொம்ப நாளா பேசணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த ஒரு விஷயம். என் பழைய வேலை பத்தினது. பாதி டெக்னிக்கல், பாதி மனசு சம்பந்தப்பட்டது. கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

கரும்பு ஜூஸ் கடையிலேருந்து ஆரம்பிக்கிறேன். அடுத்த தடவை போகும்போது ஜூஸைப் பார்க்காதீங்க, போடுற பையனோட கையைப் பாருங்க. முதல் தடவை முழுக் கரும்பை விடுவான். அப்ப கை ரோலர்லேருந்து நல்லா தள்ளி இருக்கும். சக்கையை மடிச்சு ரெண்டாவது தடவை விடும்போது கை கிட்டப் போகும். எலுமிச்சை, இஞ்சி எல்லாம் வெச்சு கடைசி தடவை அழுத்தும்போது சக்கை சின்னதாயிடும். ரோலருக்கும் விரலுக்கும் நடுவுல சில அங்குலம்தான்.

ரெண்டு ரோலர் எதிரெதிரா உள்நோக்கி சுத்துற இடம் இருக்கு பாருங்க, அது பிடிச்சா விடாது. நீங்க கையை இழுக்கிற வேகத்தை விட அது உள்ளே இழுக்கும்.

இப்ப வேற ஒரு கடை. அங்க ரோலருக்கு முன்னாடி நீளமா ஒரு தகரப் பெட்டி. கரும்பு மட்டும் போற மாதிரி சின்ன வாய். கையை விட்டாலும் விரல் ரோலர் வரைக்கும் எட்டாது. அதே கரும்பு, அதே வெயில், அதே தூக்கக் கலக்கத்துல இருக்கிற பையன். நடுவுல ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். முதல் கடைக்காரர் சொல்லுவார், "பார்த்து போடுடா." ரெண்டாவது கடைக்காரர் அதைச் சொல்லவே வேண்டியதில்ல.

இன்னிக்கு எபிசோடு முழுக்க இந்த ரெண்டு கடைக்கும் இருக்கிற வித்தியாசத்தைப் பத்திதான்.

நான் எழுதின ஒரு வரி

படிச்சு முடிச்ச புதுசுல நான் ஒரு பிரஸ் ஷாப்ல ஷிஃப்ட் இன்சார்ஜா வேலை பார்த்தேன். கம்பெனி பேரு வேண்டாம். சென்னையைச் சுத்தி அந்த மாதிரி எத்தனையோ கம்பெனி இருக்கு. பெரிய கார் கம்பெனிக்கு பார்ட்ஸ் குடுக்கிற கம்பெனி ஒண்ணு, அந்தக் கம்பெனிக்கு பார்ட்ஸ் குடுக்கிற இன்னொரு சின்ன கம்பெனி. நாங்க அந்த சின்ன கம்பெனி.

பவர் பிரஸ் பார்த்திருக்கீங்களா? ஆள் உயரத்துக்கு மேல ஒரு இரும்பு மெஷின். மேல ஒரு டை, கீழே ஒரு டை. நடுவுல தகட்டை வெச்சா மேல் டை இறங்கி ஒரே அடி. கிளிப்போ வாஷரோ பிராக்கெட்டோ ரெடி. பக்கவாட்டுல பெரிய ஃப்ளைவீல் சுத்திக்கிட்டே இருக்கும், அதுலேருந்துதான் அடிக்கிற சக்தி வருது. சின்ன பிரஸ்கூட பத்து டன், இருபது டன் அழுத்தத்துல அடிக்கும்.

அந்த பிரஸ்ல ஒரு அண்ணன். என்னை விட பதினஞ்சு வயசு பெரியவர். நான் சேர்ந்த புதுசுல எனக்கு டை செட்டிங் சொல்லிக் குடுத்தவரே அவர்தான். ஒரு நாள் செகண்ட் ஷிஃப்ட், ராத்திரி ஒன்பது மணி இருக்கும். அடிச்ச பீஸ் டையில ஒட்டிக்கிச்சு. இடது கையை விட்டு அதைத் தட்டி எடுக்கப் பார்த்தார். கால் ஃபுட் பெடல் மேல. எடை கொஞ்சம் மாறியிருக்கு, பெடல் அமுங்கிடுச்சு. இடது கையில ஆள்காட்டி விரல், நடு விரல் ரெண்டும் போச்சு.

ஆஸ்பத்திரியிலேருந்து திரும்பி வந்ததும் ரிப்போர்ட் எழுதுற வேலை எனக்கு. ஷிஃப்ட் இன்சார்ஜ் நான்தானே. அந்த ஃபாரத்துல "விபத்துக்கான காரணம்"னு ஒரு கட்டம். நான் எழுதினேன்: "ஆபரேட்டரின் கவனக்குறைவு." அடுத்த கட்டம், "எடுத்த நடவடிக்கை." அதுல, "அனைத்து ஆபரேட்டர்களுக்கும் கவனமாக வேலை செய்ய அறிவுரை வழங்கப்பட்டது."

ரெண்டு மாசம் கழிச்சு அண்ணன் ஈ.எஸ்.ஐ. பேப்பர் விஷயமா வந்தார். "தம்பி, அதுல என்ன எழுதியிருக்க?"ன்னு கேட்டார். காட்டினேன். படிச்சார். "சரிதான் தம்பி, நான்தான் பார்த்து பண்ணியிருக்கணும்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

அவர் திட்டியிருந்தா நான் மறந்திருப்பேன்னு நினைக்கிறேன். அவரே ஒத்துக்கிட்டதுதான் இத்தனை வருஷமா என்னை விடல. ஏன்னா அந்த வரி பொய். அது பொய்னு எனக்கு அப்பவே பாதி தெரியும்.

ஒரு சின்ன கணக்கு

ஆறு செகண்டுக்கு ஒரு பீஸ். ஒரு மணி நேரத்துக்கு 600. சாப்பாடு, டீ எல்லாம் கழிச்சு ஏழு மணி நேரம் வேலைன்னா ஒரு ஷிஃப்டுக்கு 4,200 தடவை. வருஷத்துக்கு 300 நாள் வேலைன்னா 12,60,000 தடவை ஒரு மனுஷன் கையை டைக்கு நடுவுல விட்டு வெளிய எடுக்கிறார்.

நாம நாள் முழுக்க எத்தனை தப்பு பண்றோம்? வாட்ஸ்அப்ல தப்பான குரூப்புக்கு மெசேஜ் போடுறோம், ஓ.டி.பி.யை தப்பா அடிக்கிறோம். அந்த அண்ணன் பன்னிரண்டு லட்சத்துல ஒரு தப்பு பண்ணினார். உலகத்துல இருக்கிற எந்த வேலையில பார்த்தாலும் அது அபாரமான கவனம். அதைத்தான் நான் "கவனக்குறைவு"ன்னு எழுதினேன்.

அப்ப கேள்வியை மாத்தணும். "அவர் ஏன் கவனமா இல்ல"ங்கிறது கேள்வி இல்ல. "அந்த இடத்துக்குள்ள கை ஏன் போக வேண்டியிருந்துச்சு?" இதுதான் கேள்வி. மெஷின் சேஃப்டிங்கிற துறையே இந்தக் கேள்வி மேலதான் நிக்குது.

ஆபத்தை எப்படி எடை போடுறது?

இதுக்கு உலக அளவுல ஒரு அடிப்படை தரநிலை இருக்கு, ஐ.எஸ்.ஓ. 12100. 2010ல வந்தது. இந்தியாவுல அதையே ஐ.எஸ். 16819ங்கிற பேர்ல எடுத்துக்கிட்டிருக்கோம். பேரைக் கேட்டு பயப்படாதீங்க, உள்ளே இருக்கிறது பொது அறிவுதான். நான் சுருக்கமா சொல்றேன்.

முதல்ல, மெஷினை யார் யாரு, எப்பெப்ப தொடுறாங்கன்னு லிஸ்ட் போடணும். ஆபரேட்டர் மட்டும் இல்ல. டை மாத்துறவர், ரிப்பேர் பண்றவர், எண்ணெய் விடுறவர், ராத்திரி வந்து கூட்டுற அக்கா, எல்லாரும். நல்லா ஓடும்போது மட்டும் இல்ல, பீஸ் மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவாங்கங்கிறதும் அதுல வரணும். அதோட, ஆள் செய்யக்கூடிய தப்பையும் முன்கூட்டியே சேர்த்துக்கணும்னு அந்தத் தரநிலை சொல்லுது. டார்கெட் இருந்தா அவசரப்படுவாங்க. ராத்திரி ஆனா சோர்ந்து போவாங்க. பீஸ் ஒட்டினா கையால எடுப்பாங்க. இது எதுவும் ஆச்சரியம் இல்ல. எதிர்பார்க்க வேண்டிய விஷயம்.

அடுத்து, ஒவ்வொரு ஆபத்துக்கும் நாலு கேள்வி. அடி பட்டா எவ்வளவு பெரிய அடி? அந்த ஆபத்துக்குப் பக்கத்துல எத்தனை தடவை, எவ்வளவு நேரம் இருக்கார்? தப்பு நடக்க எவ்வளவு வாய்ப்பு? நடந்துட்டா கடைசி நொடியில தப்பிக்க வழி இருக்கா?

அண்ணனோட பிரஸ்ஸுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். அடி பட்டா, போன விரல் திரும்ப வராது. எத்தனை தடவை? ஒரு ஷிஃப்டுக்கு 4,200. வாய்ப்பு? பெடலுக்கு மேல மூடி இல்ல, பீஸ் அடிக்கடி ஒட்டுது. தப்பிக்க வழி? நிமிஷத்துக்கு 60 அடி அடிக்கிற பிரஸ்ல மேல் டை கீழ வர அரை செகண்ட்தான் ஆகும். பெடல் அமுங்கிடுச்சுன்னு மூளைக்குத் தெரியறதுக்குள்ள முடிஞ்சிடும். நாலு கேள்விக்கும் மோசமான பதில். விபத்துக்கு முந்தின நாள் ஒரு பேப்பரை எடுத்து உட்கார்ந்து எழுதியிருந்தா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். யாரும் உட்காரல. நானும் உட்காரல.

குறைக்கிறதுக்கு ஒரு வரிசை இருக்கு

ஆபத்து தெரிஞ்சா அடுத்து என்ன? மூணு படி. இதுல வரிசைதான் முக்கியம்.

முதல் படி, ஆபத்தையே எடுத்துடணும். ரெண்டாவது, எடுக்க முடியலன்னா மனுஷனுக்கும் ஆபத்துக்கும் நடுவுல தடுப்பு போடணும். மூணாவது, அதுக்கு மேலயும் மிச்சம் இருக்கிற ஆபத்தைப் பத்தி ஆளுக்கு சொல்லணும். போர்டு, ட்ரெயினிங், க்ளவுஸ் எல்லாம் இந்த மூணாவதுல வரும்.

நம்ம ஊர்ல என்ன பண்றோம்? மூணாவதுலேருந்து ஆரம்பிச்சு மூணாவதுலேயே முடிச்சிடுறோம். "பாதுகாப்பே முதன்மை"ன்னு போர்டு, வருஷத்துக்கு ஒரு தடவை மார்ச் 4 பாதுகாப்பு தினத்துக்கு உறுதிமொழி, அப்புறம் ஒரு ஜோடி க்ளவுஸ். இருபது டன் அடிக்கு முன்னாடி க்ளவுஸ் என்ன பண்ணும்? சுத்துற டிரில்லிங் மெஷின்ல க்ளவுஸ் போட்டா இன்னும் மோசம், துணியைச் சுத்திக் கையையும் சேர்த்து இழுத்துடும். கூர்மையான தகட்டைத் தூக்க க்ளவுஸ் வேணும், சரி. டைக்குள்ள போற கையை அது காப்பாத்தாது.

முதல் படிக்கு வாங்க. பிரஸ்ல ஆபத்தை எப்படி எடுக்கிறது? கை உள்ளே போற தேவையையே எடுத்துடணும். தகட்டை ஒரு ஸ்லைடுல வெளியவே வெச்சுத் தள்ளினா டைக்கு நடுவுல அதுவா போய் உட்காரும். அடிச்ச பீஸ் கீழே ஒரு ஓட்டை வழியா விழுந்து, சரிவுல வழுக்கி டப்பாவுல சேரும். பீஸ் எண்ணிக்கை அதிகம்னா காயில் சுருளிலேருந்து தகடு தானா ஃபீட் ஆகுற டை போடலாம். சில வேலைக்கு டை திறக்கிற இடைவெளியையே 6 மில்லிமீட்டருக்குள்ள வெச்சிடலாம், விரலே நுழையாது. இதெல்லாம் ராக்கெட் சயின்ஸ் இல்ல. டூல் ரூம்ல இருக்கிற பழைய ஆளுங்க கிட்ட கேட்டா அழகா பண்ணித் தருவாங்க. டை டிசைன் பண்ற அன்னிக்கே யாராவது கேட்கணும், அவ்வளவுதான்.

ரெண்டாவது படி, தடுப்பு. ரொம்ப எளிமையானது, டையைச் சுத்தி ஸ்க்ரூ போட்டு முடுக்கின கூண்டு. தகடு போறதுக்கு மட்டும் ஒரு சந்து. இதுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம் சொல்றேன். சந்து எவ்வளவு அகலம் இருந்தா கூண்டு டையிலேருந்து எவ்வளவு தள்ளி இருக்கணும்னு ஐ.எஸ்.ஓ. 13857ல ஒரு டேபிள் இருக்கு. சந்து 6 மில்லிமீட்டர் வரைக்கும்னா 10 மில்லிமீட்டர் தள்ளி இருந்தா போதும், விரல் நுனிதான் நுழையும். 20 மில்லிமீட்டர் வரைக்கும்னா 120 மில்லிமீட்டர் தள்ளி இருக்கணும். சந்து 30 மில்லிமீட்டரா ஆயிடுச்சுன்னா? 850 மில்லிமீட்டர்! 20 வரைக்கும் கட்டை விரல் கிட்ட கை மாட்டிக்கும். அதைத் தாண்டிட்டா தோள் வரைக்கும் உள்ளே போயிடும். ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். "கொஞ்சம் அகலமா வெட்டிக்கலாம், தகடு போட ஈஸியா இருக்கும்"னு கிரைண்டரை எடுக்கிறதுக்கு முன்னாடி இந்த டேபிளைப் பார்க்கணும்.

நாங்க வாங்கின லைட் கர்ட்டன்

எங்க கம்பெனியில என்ன பண்ணினோம்? விபத்துக்கு அப்புறம் முதலாளிக்கு நிஜமாவே வருத்தம். அதை நான் மறுக்க மாட்டேன். பணம் செலவு பண்ணி ஒரு லைட் கர்ட்டன் வாங்கினார். ரெண்டு கம்பம், நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள். கை குறுக்க வந்தா மெஷின் நிக்கும். மாட்டின அன்னிக்கு பூஜை எல்லாம் போட்டோம். ஆடிட்டுக்கு வந்தவங்க பார்த்து சந்தோஷப்பட்டாங்க.

ஆறு மாசம் கழிச்சு வேற வேலையா வந்த ஒரு சர்வீஸ் இன்ஜினியர் அதைப் பார்த்துட்டு என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, இது என்ன கிளட்ச்?"

பின் கிளட்ச். அந்தக் காலத்து பிரஸ்கள் நிறைய அப்படித்தான். அதுல ஒரு தடவை பின் ஃப்ளைவீல்ல மாட்டிடுச்சுன்னா முழு சுத்து சுத்தி முடிச்சுதான் நிக்கும். நடுவழியில நிறுத்த வழியே கிடையாது. எங்க லைட் கர்ட்டன் மோட்டாரைத்தான் ஆஃப் பண்ணுது. மோட்டார் ஆஃப் ஆனாலும் ஃப்ளைவீல் தன் வேகத்துல சுத்திக்கிட்டே இருக்கும், டை இறங்கத்தான் செய்யும். அதாவது எங்ககிட்ட இருந்தது சிவப்பு பச்சை லைட் எரியிற ஒரு அலங்காரம். அதை நம்பி ஆறு மாசமா ஆளுங்க கையை விட்டுக்கிட்டிருந்தாங்க. முன்னாடியாவது பயம் இருந்துச்சு.

அமெரிக்க சட்டத்துல, முழு சுத்து கிளட்ச் இருக்கிற பிரஸ்ஸுக்கு இந்த மாதிரி சென்சாரைப் பாதுகாப்பா கணக்குல எடுக்கவே கூடாதுன்னு தெளிவா சொல்லியிருக்காங்க. அந்த பிரஸ்ஸுக்குக் கூண்டுதான் சரியான பதில். லைட் கர்ட்டனை விட விலையும் கம்மி.

நடுவுல நிக்கக்கூடிய பிரஸ்ஸா இருந்தாலும் ஒரு கணக்கு இருக்கு. கையோட வேகம் செகண்டுக்கு 2,000 மில்லிமீட்டர்னு எடுத்துக்குவாங்க. கதிர் அறுந்ததிலேருந்து டை முழுசா நிக்க 0.2 செகண்ட் ஆகுதுன்னு வைங்க. அந்த நேரத்துல கை 400 மில்லிமீட்டர் போயிடும். அப்ப விரலைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு நெருக்கமான கர்ட்டன்கூட டையிலேருந்து குறைஞ்சது 400 மில்லிமீட்டர் தள்ளி இருக்கணும். பிரேக் தேய்ஞ்சு நிக்கிற நேரம் 0.24 ஆச்சுன்னா 480. அதனால மாட்டினதோட முடியல, நிக்கிற நேரத்தை அப்பப்ப அளந்து பார்க்கணும். இன்னிக்கு சரியா இருந்தது அடுத்த வருஷம் சரியா இருக்கும்னு சொல்ல முடியாது.

பட்டன் எப்படி பெடல் ஆச்சு?

இப்ப நான் தள்ளிப் போட்ட இடத்துக்கு வர்றேன்.

அந்த பிரஸ்ல முதல்ல ஃபுட் பெடல் கிடையாது. ரெண்டு கை பட்டன் இருந்துச்சு. ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அமுக்கினாதான் அடிக்கும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா டைக்குள்ள இருக்க முடியாது இல்லையா, அதான் ஐடியா. நல்ல தரத்துல செஞ்ச பட்டன்னா ரெண்டையும் அரை செகண்டுக்குள்ள சேர்த்து அமுக்கணும், அடுத்த அடிக்கு முன்னாடி ரெண்டையும் விட்டிருக்கணும். ஒரு பட்டனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி ஏமாத்த முடியாது. இதுலயும் குறை உண்டு. அமுக்கின ஆளோட கையை மட்டும்தான் காப்பாத்தும், பக்கத்துல நிக்கிற ஹெல்பர் கையைக் காப்பாத்தாது. ஆனா அண்ணனுக்கு ஹெல்பர் இல்ல. அந்த பட்டன் இருந்திருந்தா அவருக்கு அன்னிக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.

விபத்துக்கு மூணு மாசம் முன்னாடி அதை எடுத்துட்டு பெடல் போட்டோம். பட்டன்ல மணிக்கு 400 பீஸ் வந்துச்சு. பெடல் போட்டா கை ரெண்டும் ஃப்ரீ, 600 வந்துச்சு. இந்த 400, 600 கணக்கைப் போட்டு மேனேஜர்கிட்ட குடுத்தது யாரு தெரியுமா? நான்தான். "நல்லா யோசிச்சிருக்கப்பா"ன்னு பாராட்டும் வாங்கினேன்.

அதனாலதான் சொன்னேன், அந்த வரி பொய்னு எனக்கு அப்பவே பாதி தெரியும்னு.

இதுல என்னை மட்டும் குத்தம் சொல்லி முடிச்சா நான் அண்ணனுக்குப் பண்ணினதையே எனக்கும் பண்ணின மாதிரி ஆயிடும். இருபத்திரண்டு வயசுப் பையன் கணக்கு குடுப்பான். ஆனா அந்தக் கணக்கைப் பார்த்து, "இதனால ஆபத்து எவ்வளவு கூடுது?"ன்னு கேட்க அந்தக் கம்பெனியில ஒரு நாற்காலி இல்ல. மெஷின்ல ஒரு மாற்றம் பண்ணினா அந்த நாலு கேள்வியையும் திரும்பக் கேட்கணும்ங்கிற வழக்கமே இல்ல.

பாதுகாப்பைக் கழட்டி வைக்கிறது நம்ம ஊரு வியாதின்னும் நினைக்காதீங்க. ஜெர்மனியில 2006ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அங்கயே உலோக வேலை மெஷின்கள்ல இருக்கிற பாதுகாப்பு அமைப்புகள்ல மூணுல ஒண்ணுக்கு மேல ஏதோ ஒரு நேரத்துல ஏமாத்தி வேலை செய்யறாங்கன்னு வந்துச்சு. காரணம் சோம்பேறித்தனம் இல்ல. அந்த பாதுகாப்பு, வேலையை மெதுவாக்குது, உள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்க விடல, ஒட்டின பீஸை எடுக்கவே முடியல. வேலைக்கு இடைஞ்சலா இருக்கிற தடுப்பு ஒரு நாள் கழண்டுதான் ஆகும். அதனால தடுப்பை டிசைன் பண்றவர் அந்த மெஷின்ல ஒரு ஷிஃப்டாவது நின்னு பார்க்கணும். ஆபரேட்டரைக் கூட வெச்சுக்கிட்டு பண்ணணும். எங்க டை எங்க ஒட்டும், எப்ப ஒட்டும்னு அண்ணனை விட நல்லா யாருக்குத் தெரியும்? அவர்கிட்ட யாரும் கேட்கல.

விரலுக்கு ஒரு டேபிள்

சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. 1948ல வந்த தொழிற்சாலைகள் சட்டத்தோட 21வது பிரிவுலேயே இருந்துச்சு, மெஷினோட ஆபத்தான பாகங்களை உறுதியா வேலி போட்டுத் தடுக்கணும்னு. தொழிலாளியை கவனமா இருக்கச் சொல்லுங்கன்னு அந்தப் பிரிவு சொல்லல. கடமையை முதலாளி பக்கம்தான் வெச்சிருந்துச்சு. என் ரிப்போர்ட்டை விட அந்தச் சட்டம் தெளிவா யோசிச்சிருந்துச்சு.

இன்னொரு சட்டம் 1923ல வந்தது, தொழிலாளர் இழப்பீட்டுக்கானது. அதுல ஒரு அட்டவணை. ஒரு கையில ஆள்காட்டி விரல் முழுசா போனா சம்பாதிக்கிற திறன்ல 14 சதவீதம் இழப்பு. கட்டை விரல் 30 சதவீதம். ஒரு கையில ரெண்டு விரல் 20 சதவீதம். நான் முதல் தடவை அதைப் படிச்சப்ப அண்ணனோட 20 அங்க இருந்துச்சு. சட்டைப் பட்டன் போட முடியாதது, பொண்ணுக்குத் தலை பின்ன முடியாதது இதெல்லாம் எந்த அட்டவணையில வரும்னு தெரியல.

இது அவரோட கதை மட்டும் இல்ல. வடக்கே குருகிராம், மானேசர் பக்கம் வாகன உதிரிபாக ஃபேக்டரிகள்ல அடிபட்ட தொழிலாளர்களுக்காக சேஃப் இன் இந்தியான்னு ஒரு அமைப்பு வேலை செய்யுது. 2019லேருந்து "கிரஷ்ட்"ங்கிற பேர்ல அறிக்கை வெளியிடுறாங்க. அதுல திரும்பத் திரும்ப வர்ற மெஷின் பவர் பிரஸ்தான்.

சரி, நாம என்ன பண்றது?

கேட்கிறவங்கள்ல பாதிப் பேர் ஃபேக்டரி பக்கமே போக மாட்டீங்க, தெரியும். ஆனா சில பேர் இன்ஜினியரிங் படிக்கிறீங்க, இன்டர்ன்ஷிப் போவீங்க. சில பேர் பெரிய கம்பெனியில பர்ச்சேஸ்ல இருக்கீங்க. ஒரு பீஸ்ல பத்து பைசா குறைக்கச் சொல்லி மெயில் போடுறது நீங்கதான். அந்தப் பத்து பைசா எங்கேருந்து வருதுன்னு போய்ப் பாருங்க. என் 400, 600 கணக்கு மாதிரி ஒண்ணுலேருந்து வந்திருக்கலாம்.

ஒரு மெஷின் முன்னாடி நின்னா மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, கை உள்ளே போகுதா? போகுதுன்னா, போகாம பண்ண முடியுமான்னு கேளுங்க. ரெண்டு, தடுப்பு இருந்தா அது நிஜமா நிறுத்துதா, இல்ல லைட் மட்டும் எரியுதா? அதை யார் எப்ப டெஸ்ட் பண்ணினாங்க? மூணு, ரிப்பேர் பண்றப்ப மெயின் ஸ்விட்ச்சுக்கு யார் பூட்டு போடுறாங்க, சாவி யார்கிட்ட இருக்கு? உள்ளே கை விடுறவர் பாக்கெட்ல அந்தச் சாவி இருக்கணும். வேற யாராவது தெரியாம ஸ்விட்ச்சைப் போட்டுட்டா என்ன ஆகும்னு யோசிச்சா புரியும். ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணினாலும் ஃப்ளைவீல் சுத்தும். அது நின்னுச்சா, மேல் டை விழாம முட்டு குடுத்தாச்சான்னும் பார்த்துட்டுதான் கையை விடணும்.

அப்புறம், எங்கயாவது ஒரு ரிப்போர்ட்ல "கவனக்குறைவு"ங்கிற வார்த்தையைப் பார்த்தீங்கன்னா, அங்க விசாரணை முடியலன்னு அர்த்தம். அங்கேருந்துதான் ஆரம்பிக்கணும்.

அண்ணன் அதுக்கப்புறம் ஸ்டோர்ஸ்ல வேலை பார்த்தார். போன வருஷம் அவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். அந்த 400, 600 விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "பெடல் போட்டப்ப எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு தம்பி, தோள் வலி குறைஞ்சுது"ன்னார். "ஆனா அந்தப் பேப்பர்ல எழுதினது தப்புதான், இல்ல?"ன்னு கேட்டார். ஆமாம் அண்ணே, தப்புதான்னு சொன்னேன்.

இன்னிக்கு அந்தக் கட்டத்துல நான் எழுதுறதா இருந்தா இப்படி எழுதுவேன்: "ரெண்டு கை பட்டனை எடுத்துட்டு, மூடி இல்லாத பெடல் போட்டோம். டைக்கு கூண்டு இல்ல. பீஸ் ஒட்டுறது தெரிஞ்சும் டையை சரி பண்ணல. மாற்றத்துக்கு முன்னாடி ஆபத்தைக் கணக்குப் போடல." நடவடிக்கை கட்டத்துல: "பெடலை எடுத்தாச்சு. கூண்டு போட்டாச்சு. பீஸ் தானா விழுற மாதிரி டையை மாத்தியாச்சு."

இவ்வளவுதான் இன்னிக்கு. உங்க வீட்டுல, சொந்தத்துல யாராவது மெஷின்ல வேலை பார்க்கிறாங்கன்னா இதை அனுப்புங்க. அவங்க மெஷின்ல கை எங்க போகுதுன்னு கேட்டு எங்களுக்கு எழுதுங்க, இன்னொரு எபிசோடுல பேசுவோம். கரும்பு ஜூஸ் குடிக்கப் போனா அந்தத் தகரப் பெட்டி இருக்கான்னு பாருங்க. இல்லன்னா கடைக்காரர்கிட்ட பக்குவமா சொல்லிட்டு வாங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.